மிச்சமிருந்த ஒருத்தர்

அந்த வருஷம் ஜூன் மாதம், அந்தப் பக்கத்தில் அதுதான் நடுக்குளிர்காலம், மேட்டுச் சமவெளி ஊரான விலாக்கோட்டாவில் பனி விழவில்லை. குளிருக்குக் குறைச்சல் இல்லை, மூக்கு நுனி மரத்துப் போகிற குளிர்தான். ஆனால் வானம் மேகம் மூடிக் கிடந்தது. மேகம் மூடினால் ராத்திரியில் தரை உறையாது. தரை உறையாவிட்டால் சுன்யோ கிடையாது. ஊரில் இருந்த பொடி உருளைக்கிழங்கையெல்லாம் அடிவாரத்துப் புல்தரையில் பரப்பி வைத்துவிட்டுச் சனங்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். ராத்திரி உறைந்து, பகல் வெயிலில் இளகி, மறுபடி உறைந்து, அப்புறம் வெறுங்காலால் மிதித்துத் தண்ணீரைப் பிழிந்து காயவைத்தால் கிழங்கு சுண்டிக் கூழாங்கல் மாதிரி ஆகிவிடும். அதுதான் சுன்யோ. வருஷக்கணக்கில் கெடாது. அடுத்த விளைச்சலை ஆலங்கட்டி அடித்துக்கொண்டு போனாலும் மூட்டையில் சுன்யோ இருக்கிற வீட்டில் அடுப்பு எரியும்.

பனி வராமல் கிழங்கு கிடந்தால் அழுகும். சனங்கள் காலையில் எழுந்து வானத்தைப் பார்த்தார்கள். அப்புறம் திரும்பி நெமேசியோ வீட்டைப் பார்த்தார்கள்.

அதற்குக் காரணம் உண்டு. அந்த மேட்டுச் சமவெளியில் ஊர்த்தலைமை தனி ஆளிடம் தங்காது. புருஷனும் பெண்டாட்டியுமாகத்தான் ஏற்க வேண்டும். அவர் மல்க்கு, அவள் தாலா. முறை வைத்து ஒவ்வொரு வருஷமும் ஒரு வீட்டுக்கு வரும். அந்த ஒரு வருஷம் அவர்கள் இரண்டு பேரும்தான் ஊருக்கு அப்பனும் ஆத்தாளும். ஊர்ப்பிள்ளைகளிலிருந்து லாமாக் குட்டிகள் வரைக்கும், கிழங்கும் மழையும்கூட, அவர்கள் பொறுப்பு. அவர்கள் சண்டை போட்டுக்கொண்டால் வானமும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும் என்பது விலாக்கோட்டாவில் யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டாத சங்கதி. அந்த வருஷத்து மல்க்கு நெமேசியோ. தாலா அவர் மனைவி கசில்தா. இரண்டு பேரும் பேசி இரண்டு வாரத்துக்கு மேலாகியிருந்தது.

சண்டை கொடியால் வந்தது. முன்னொரு காலத்தில் தானியக் கிடங்காக இருந்த மண்சுவர்க் கட்டடத்தில் அரசாங்கத்து முதியோர் எழுத்தறிவு வகுப்பு நடந்துகொண்டிருந்தது. கூரையில் ஒரு சூரியத் தகடு, உள்ளே ஒரு டிவி, பாடம் காட்டுகிற கேசட்டுகள், பலகை போட்ட பெஞ்சுகள். பாடம் நடத்த யோலா என்று ஒரு பெண். ஏரிக்கரை நகரத்துப் பிள்ளை. குளிருக்கு ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு நிற்பாள். எல்லாவற்றுக்கும் அரசாங்கம்தான் பணம் கொடுத்தது. மதியச் சாப்பாடு முடிந்து ஆடுகள் ஏரிப்பக்கம் இறங்கியதும் பெண்கள் தக்ளியும் கையுமாக வந்து உட்காருவார்கள். டிவியில் எழுத்து ஓடும், கையில் நூல் ஓடும். கம்பளி வாசமும் வெற்றிலைபோல மெல்லுகிற கோக்கா இலை வாசமும், யாராவது மடியில் கட்டிக்கொண்டு வந்த வறுத்த பார்லி வாசமும் கலந்து அந்த அறைக்கென்று ஒரு வாசம் இருந்தது. அந்த அறையில் உட்கார்ந்தவர்களில் இன்றைக்கு உயிரோடு இருக்கிற யாரைக் கேட்டாலும் முதலில் அந்த வாசத்தைத்தான் சொல்வார்கள்.

படித்தவர்கள் ஒவ்வொருவராக, அதிகாரி முன்னால் தங்கள் கையால் ஒரு கடிதம் எழுதிக் காட்டவேண்டும். எழுதிவிட்டால் தேர்ச்சி. ஊரில் எழுதத் தெரியாதவர் ஒருவரும் மிச்சமில்லை என்றானதும் வெள்ளைக் கொடி ஏற்றுவார்கள். மேளதாளம் உண்டு, சாப்பாடு உண்டு. கொடி ஏறின மறுமாதம் பணம் நின்றுவிடும். டிவியும் தகடும் யோலாவும் அடுத்த ஊருக்குப் போய்விடுவார்கள். அடுத்த மேட்டிலிருக்கும் புக்காராவில் போன வருஷமே கொடி ஏறிவிட்டது. அங்கே வகுப்பு நடந்த அறையில் இப்போது வைக்கோல் அடைத்து வைத்திருந்தார்கள்.

விலாக்கோட்டாவில் எல்லோரும் எழுதிக் காட்டியாயிற்று. மிச்சமிருந்தது ஒரே ஒருத்தி. தாலா கசில்தா. அவள் எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

நெமேசியோவுக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பட்டாளத்தில் இருந்தபோது எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டு வந்தவர். ஊரில் யாருக்கு என்ன காகிதம் வந்தாலும் தொண்டையைச் செருமிக்கொண்டு அவர்தான் வாசிப்பார். மழை நிலவர அறிவிப்பைக்கூடப் பிரசங்கம் மாதிரி வாசிப்பார். தன் வருஷத்தில் கொடி ஏறவேண்டும், நெமேசியோ மல்க்குவாக இருந்தபோதுதான் விலாக்கோட்டாவில் எழுதத் தெரியாதவர்களே இல்லாமல் போனார்கள் என்று பேரன் காலம்வரை பேசவேண்டும் என்று ஆசைப்பட்டார். அது தப்பான ஆசையும் இல்லை.

ஆனால் வியாழக்கிழமைச் சந்தையில் புக்காராவின் பழைய மல்க்கு அன்செல்மோ நாலு பேர் கேட்கக் கேட்டார்: "என்ன நெமேசியோ, ஊருக்கெல்லாம் வாசிச்சுக் காட்டுறீரு, உம்ம வீட்ல மட்டும் ஒண்ணும் ஏறலியாமே? சுவர் கெட்டிச் சுவரோ?"

நெமேசியோ வாங்கப் போன உப்பை வாங்காமலே திரும்பி வந்தார்.

அன்று தொடங்கி அந்த வீட்டில் பேச்சு நாய் வழியாகத்தான் நடந்தது. நாயின் பெயர் கப்பித்தான். கசில்தா சூப்புச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு நாயைப் பார்த்துச் சொல்வாள்: "கப்பித்தான், சூப்பு ஆறுது. குடிக்கிறவுக குடிக்கலாம்."

நெமேசியோ கிண்ணத்தை எடுத்துக்கொண்டே நாயிடம் சொல்வார்: "உப்பு இல்ல கப்பித்தான்."

"உப்பு வாங்கப் போனவுகளப் போய்க் கேளு."

"இந்த வீட்ல ஒருத்திக்கு எல்லா எழுத்தும் தெரியும் கப்பித்தான். ஆட்டு மருந்துப் பாக்கெட்டை அவ வாசிச்சதை என் கண்ணால பாத்தேன். தெரிஞ்சுக்கிட்டே தெரியாதுங்குறா. புருஷன் மானம் போகணும்னே செய்றா. ஏன்னு கேளு."

"கேக்கணும்னா நேரா கேக்கச் சொல்லு. நாய்க்கு வேற வேலை இருக்கு."

கப்பித்தான் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வெளியே போய்ப் படுத்துக்கொள்ளும்.

கிழங்கு பரப்பின இடத்தில் பெண்கள் குனிந்து கிழங்குகளைப் புரட்டிக்கொண்டிருப்பார்கள். அப்போது கசில்தாவின் காது படப் பேசுவதற்கென்றே இருந்தவள் இலாரியா. நெமேசியோவின் ஒன்றுவிட்ட தங்கை. புருஷனைச் சுரங்கத்தில் பறிகொடுத்தவள். வாய் ஓயாது, கையும் ஓயாது.

"மதினி, ராத்திரி வானத்துல ஒரு நட்சத்திரம் தெரிஞ்சுது, பாத்தீகளா?"

"இல்லியே."

"நானும் பாக்கல. எங்கண்ணன் உங்களப் பாத்து ஒரு சிரிப்புச் சிரிச்சா ஒண்ணாவது தெரியும்னு பாத்தேன்."

"உங்கண்ணனைச் சிரிக்கச் சொல்லு, நான் வேண்டாங்கல."

"நீங்க ஒரு கடுதாசி எழுதிப்போட்டா சிரிப்பாரு. என்னையே எழுத வச்சிட்டா அந்த யோலாப் பிள்ளை. நான் என்னத்த எழுதினேன் தெரியுமா? 'ஐயா, எங்க ஊரு ரோட்டுல குழி இருக்கு'ன்னு எழுதினேன். அதிகாரி கை தட்டினாரு. குழி அப்படியேதான் கெடக்கு." இலாரியா ஒரு கிழங்கை எடுத்து அமுக்கிப் பார்த்தாள். முகம் மாறிப்போயிற்று. "மதினி, இது கொழகொழன்னு இருக்கு. வாடை வருது பாருங்க."

கசில்தா வாங்கி முகர்ந்தாள். இலாரியா வீட்டில் மூன்று பிள்ளைகள். இந்த ஒரு தரைக் கிழங்கைத் தவிர வேறு கையிருப்பு அவளுக்குக் கிடையாது. அது கசில்தாவுக்குத் தெரியும்.

அன்று சாயங்காலம் பெரியவர் சிப்ரியானோ ஊராரை அழைத்துக்கொண்டு நெமேசியோ வீட்டு முற்றத்துக்கு வந்தார். ஊரில் எத்தனையோ வருஷத்துக்கு முன் மல்க்குவாக இருந்தவர், நெமேசியோவுக்குப் பெரியப்பா முறை. சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர்.

"கிழங்கு அழுகுது," என்றார். "உங்க ரெண்டு பேருக்கும் என்ன மனத்தாங்கல்னு நாங்க கேக்கல. அது படுக்கையறைச் சமாச்சாரமோ பள்ளிக்கூடச் சமாச்சாரமோ, எங்களுக்கு வேண்டாம். வருஷம் முடிஞ்சு பதவியைக் கழட்டி வச்சிட்டு ஒருத்தரையொருத்தர் கடிச்சுத் தின்னாலும் எவனும் கேக்க மாட்டான். இப்ப நீங்க அப்பன் ஆத்தா. முட்டி போடுங்க."

"நான் என்ன தப்புப் பண்ணேன் பெரியப்பா?" என்றார் நெமேசியோ. "எழுத மாட்டேன்னது அவ."

"ஏன் எழுத மாட்டேங்குறேன்னு இவரு ஒரு தடவை கேட்டாரா பெரியப்பா?" என்றாள் கசில்தா. "ஒரு தடவை?"

"கேட்டேனே!"

"நாயக் கேட்டீக."

முற்றத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். சிப்ரியானோ தடியைத் தரையில் தட்டினார்.

இலாரியா வழக்கத்துக்கு மாறாக ஓரத்தில் நின்று, அழுகின அந்தக் கிழங்கைச் சால்வை முனையில் பிடித்துக்கொண்டிருந்தாள். கசில்தா அவளைப் பார்த்தாள். பார்த்த பிறகு வீம்பாக நிற்க அவளால் முடியவில்லை.

இரண்டு பேரும் எதிரெதிரே முட்டி போட்டார்கள். தலையில் ஊரார் பூவைத் தூவினார்கள். முறைப்படி ஒரு கை கோக்கா இலையை அவர் அவளுக்கும் அவள் அவருக்கும் கொடுக்கவேண்டும். கொடுத்தார்கள். "மன்னிச்சிரு," என்றார் நெமேசியோ, தரையைப் பார்த்துக்கொண்டு. "மன்னிச்சிருங்க," என்றாள் கசில்தா. அப்புறம், முறையில் இல்லாத ஒன்றையும் சொன்னாள்: "எழுதிர்றேன். எப்ப வரச்சொல்றீகளோ வரச்சொல்லுங்க. எழுதிர்றேன்."

ஊரார் ஹோவென்று கை தட்டினார்கள். கூட்டத்தின் பின்னால் நின்ற யோலா மட்டும் தட்டவில்லை. அந்தப் பெண்ணுக்குத் தன் சம்பளம் போகிற கவலை இருக்கத்தானே செய்யும் என்று பக்கத்தில் நின்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

ஓரிரண்டு ராத்திரியில் மேகம் கலைந்தது. வானம் கழுவி விட்டாற்போல ஆகி, தரை வெள்ளையாக உறைந்தது. முட்டி போட்டதால் பனி விழுந்ததா, விழவேண்டிய காலம் வந்து விழுந்ததா என்று விலாக்கோட்டாவில் யாரிடமும் கேட்டுவிடாதீர்கள். உதை விழும்.

அப்புறம் மிதிப்பு. விலாக்கோட்டாவில் பிறந்தவர்கள் எந்த ஊரில் போய்ப் பிழைத்தாலும், எத்தனை வயசானாலும், மறக்க முடியாத வேலை அது. காலை வெயில் ஏறி உறைந்த கிழங்கு இளக ஆரம்பித்ததும் சின்னச் சின்னக் குவியலாகக் கூட்டி, செருப்பைக் கழற்றிவிட்டு அதன்மேல் ஏறி நின்று ஆடவேண்டும். ஆட்டம்தான் அது, வேலை என்றே தோன்றாது. தண்ணீர் சள்சள்ளென்று பிதுங்கி ஓடும். கால் முதலில் எரியும், அப்புறம் மரத்துப்போகும், அப்புறம் கால் இருப்பதே மறந்துவிடும். தரை முழுக்கக் குடும்பம் குடும்பமாக நின்று ஆடுவார்கள். பாவாடையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு பெண்கள் அடிக்கிற கேலிக்கு அளவே இருக்காது. நடுவில் துணியை விரித்து, அவரவர் கொண்டுவந்த அவித்த கிழங்கு, உப்புக்கண்டம், பாலாடைக்கட்டி எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி, எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து தின்பார்கள். அந்தச் சாப்பாட்டின் ருசி இப்போது எந்தச் சாப்பாட்டில் இருக்கிறது, சொல்லுங்கள்.

நெமேசியோவும் கசில்தாவும் ஒரே குவியலில் மிதித்தார்கள். ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டால்தான் வழுக்காமல் மிதிக்கமுடியும். பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"சரி, இப்ப நேரா கேக்குறேன்," என்றார் நெமேசியோ. "ஏன் எழுத மாட்டேன்னே?"

"அதான் எழுதுறேன்னுட்டேனே. இப்ப எதுக்கு?"

"சும்மா சொல்லு. மிதிக்கிற நேரம் போகட்டும்."

கசில்தா கொஞ்ச நேரம் மிதித்தாள். "நான் முன்னாடியே ஒரு தடவை படிச்சிருக்கேன்," என்றாள்.

"எங்க?"

"எங்க ஊர்ல. உங்களக் கட்டிக்கிறதுக்கு முன்னாடி. அப்ப வேற அரசாங்கம். ஒரு டீச்சரம்மா வந்தாக. டிவி கிவி கெடையாது, சுண்ணாம்புக் கட்டிதான். ஒரு குளிர்காலம் பூராப் படிச்சேன். என் பேரு எழுதினேன், எங்கப்பா பேரு எழுதினேன். எங்க ஆடு எல்லாத்துக்கும் ஒரு பேரு வச்சு எழுதினேன். டீச்சரம்மா கெட்டிக்காரின்னாக. சர்டிபிகேட் குடுத்தாக. மேளம் அடிச்சு, ஆடு அறுத்து, எல்லாம் நடந்துச்சு."

"இத்தனை வருஷத்துல நீ இதைச் சொன்னதே இல்லியே."

"கேளுங்க. அப்புறம் பணம் வரலன்னாக. டீச்சரம்மா கண்ணக் கசக்கிக்கிட்டே லாரி ஏறிப் போனாக. நான் கொஞ்ச நாள் எழுதிப் பாத்தேன். ஊர்ல வாசிக்க என்ன இருந்துச்சு? உப்பு மூட்டைல ஒரு வரி. அதையே எத்தனை தடவை வாசிப்பாக? அப்புறம் கல்யாணம், பிள்ளை, ஆடு, கிழங்கு. ஒருநாள், நம்ம மூத்தவன் நடக்க ஆரம்பிச்சிருந்தான், துணி மூட்டையை அவுத்தேன். உள்ள அந்த சர்டிபிகேட் இருந்துச்சு." அவள் கால் நின்றது. "அதுல என் பேரு இருக்குன்னு எனக்குத் தெரியும். எங்க இருக்குன்னு தெரியல. விரல வச்சுத் தடவிப் பாக்குறேன், இதுவா, அதுவான்னு. தலைகீழாப் பிடிச்சிருக்கேனான்னுகூடத் தெரியலங்க."

நெமேசியோவும் மிதிப்பதை நிறுத்தியிருந்தார்.

"அடுப்புல போட்டேன்," என்றாள் கசில்தா.

"என்கிட்டச் சொல்லியிருக்கலாம்."

"என்னன்னு சொல்ல? எழுதத் தெரியாதவன்னா எவரும் சிரிக்க மாட்டாக. படிச்சு மறந்தவன்னா சிரிப்பாக. எனக்கு மண்டைல நிக்கிறதில்லங்க. அறுவடைக்காக மூணு வாரம் வகுப்புக்குப் போகல, திரும்பப் போனப்ப பாதி எழுத்தைக் காணோம். புக்காராவுல போய்ப் பாருங்க. கொடி ஜம்முன்னு பறக்குது. அன்செல்மோ பெண்டாட்டி போன வாரம் சந்தையில என்கிட்ட ஒரு சீட்டை நீட்டி, இது எந்த பஸ்ஸுக்கு, பாத்துச் சொல்லு மதினிங்குறா. எழுத்து எல்லாம் போயிருச்சு அவளுக்கு. அவளும் கடுதாசி எழுதினவதான், அவளுக்கும் கை தட்டினாகதான்." கசில்தா புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மறுபடியும் மறந்திருவேன்னு பயமா இருக்குங்க. அவ்வளவுதான். வேற ஒண்ணுமில்ல."

"நான் சொல்லித் தாரேன். நான் இருக்கேன்ல."

"நீங்களா?" கசில்தாவுக்கு அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்துவிட்டது. "கோவேறு கழுதைக்குச் சேணம் கட்டச் சொல்லித் தந்தப்பவே என்னையும் கழுதையையும் சேத்துத் திட்டினீக. நீங்க எழுத்துச் சொல்லிக் குடுத்தா ஊர்ல பனியே விழாது."

நெமேசியோ சிரிக்கவில்லை. "மிதி, காலு மரத்துரும்," என்றார். இரண்டு பேரும் மறுபடி மிதிக்கத் தொடங்கினார்கள்.

அதிகாரி வருகிற நாள் குறித்தாயிற்று. சுன்யோ காய்ந்து மூட்டை கட்டுகிற சமயம் அது, அதனால் ஊரார் எல்லோர் மனசும் குளிர்ந்திருந்தது. கிடங்குக்கு முன்னால் கம்பம் நட்டார்கள். மாகாணத் தலைநகரிலிருந்து ஜீப் வந்தது. அதிகாரி நல்ல மனுஷர், நடுவயசுக்காரர், மேட்டு ஊர்களின் காற்றுக்கு மூச்சு வாங்கியது. பக்கத்து ஊர் மல்க்குகளும் கூப்பிட்டு வந்திருந்தார்கள். புக்காராவிலிருந்து அன்செல்மோவும் வந்திருந்தார். ஊதுகுழல்காரர்கள் முக்கியமான நேரத்தில் எச்சில் காய்ந்துவிடக் கூடாதென்று முன்கூட்டியே குடித்துக்கொண்டிருந்தார்கள்.

கறுப்புப் போன்சோப் போர்வையும், தோளில் குறுக்கே பதவிச் சாட்டையுமாக நெமேசியோ எழுந்து நின்றார். காகிதத்தை விரித்துத் தொண்டையைச் செருமி, வழக்கம்போலப் பிரசங்கமாக வரவேற்புரை வாசித்தார்.

பிறகு கசில்தாவைக் கூப்பிட்டார்கள். வெளியே போட்ட மேசையில் உட்கார்ந்து, நாக்கைப் பல்லில் கடித்துக்கொண்டு, ஊரே கழுத்தை நீட்டிப் பார்க்க, அவள் எழுதினாள். அதிகாரி வாங்கி உரக்க வாசித்தார்: "மதிப்புக்குரிய ஐயா, நான் கசில்தா. எங்கள் ஊரில் இந்த வருஷம் பனி பிந்தி விழுந்தது. சுன்யோ நன்றாக வந்திருக்கிறது. சாப்பிட்டுவிட்டுப் போங்கள்."

கைத்தட்டல் ஓய வெகுநேரமாயிற்று. ஊதுகுழல்காரர்கள் அவசரப்பட்டு ஊதியேவிட்டார்கள். இலாரியா ஓடிவந்து மதினியைக் கட்டிக்கொண்டாள். கசில்தா சிரித்தாள், சிரிப்பு கண்வரை எட்டவில்லை. மேசை விளிம்பை விரலால் தடவிக்கொண்டே நின்றாள். யோலா தொப்பியை இழுத்துக் கண்வரைக்கும் விட்டுக்கொண்டாள்.

"கடைசியா ஊர்த்தலைமை உறுதிப் பத்திரத்துல ஒப்பம் போடணும்," என்றார் அதிகாரி. "இந்த ஊரில் எழுதத் தெரியாதவர் ஒருவரும் மிச்சமில்லைன்னு. அப்புறம் கொடி ஏத்திரலாம். தாலா முதல்ல போடட்டும். இன்னிக்கு அவுக நாள்."

கசில்தா தன் பெயரை எழுதினாள். அதிகாரி பேனாவை நெமேசியோவிடம் நீட்டினார்.

நெமேசியோ பேனாவைப் பார்த்தார். கம்பத்தடியில் மடித்து வைத்திருந்த வெள்ளைக் கொடியைப் பார்த்தார். அன்செல்மோவையும் ஒரு தடவை பார்த்தார்.

"மை டப்பா இருக்கா ஐயா?"

"எதுக்கு?"

"கைநாட்டு வைக்கணும். எனக்கு எழுதத் தெரியாது."

ஊதுகுழல் பாதியில் நின்றது. அதிகாரி சிரித்தார், யாரும் கூடச் சிரிக்காததால் நிறுத்திக்கொண்டார்.

"மல்க்கு, இப்பத்தானே எல்லார் முன்னாடியும் வாசிச்சீரு!"

"மனப்பாடம் ஐயா. காகிதத்தை ஒரு அழகுக்கு வச்சிருந்தேன்."

"பட்டாளத்துல படிச்சதா உங்க பேரு பட்டியல்ல இருக்கே!"

"படிச்சேன் ஐயா. மறந்துபோச்சு." நெமேசியோ அதிகாரியை நேராகப் பார்த்தார். "மறந்துபோகும் ஐயா. சும்மா விட்டா யாருக்கும் மறந்துபோகும். வெட்கமாத்தான் இருக்கு. என்ன செய்ய?"

கசில்தாவின் கை வாயைப் பொத்திக்கொண்டது.

அன்செல்மோ பெரிதாகச் சிரித்தார். "அடேயப்பா! ஊருக்கே வாசிச்சவரு கைநாட்டாம்! கேட்டீகளா கதையை!"

"கேட்டோம்," என்றார் நெமேசியோ. கழுத்துவரை சிவந்துபோயிருந்தது. மல்க்குவாக இருக்கிற ஒரு மனுஷன், நாலு ஊர் முன்னால், தனக்கிருந்த ஒரே பெருமையைத் தானே கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு நிற்பது லேசான காரியமில்லை.

அதிகாரி ஊராரைப் பார்த்தார். "என்னங்க இது? மல்க்குக்கு எழுதத் தெரியுமா தெரியாதா? யாராவது சொல்லுங்க."

பெரியவர் சிப்ரியானோ தடியை ஊன்றிக்கொண்டு முன்னால் வந்தார். நெமேசியோவை மேலும் கீழும் பார்த்தார். கசில்தாவைப் பார்த்தார்.

"தெரியாது ஐயா," என்றார். "சின்னப்பிள்ளைல இருந்தே எங்க நெமேசியோ கொஞ்சம் மந்தம். வெளிய சொல்ல வேண்டாம்னு இருந்தோம்."

"ஆமாய்யா," என்றாள் இலாரியா உடனே. "எங்கண்ணன்தான். சொல்லவே எனக்கு நாக்குக் கூசுது. என் சந்தைச் சீட்டையே தலைகீழா வாசிச்சு என்னை வேற ஊருக்கு அனுப்பிச்சாரு."

"எனக்கு மருந்து பேரைத் தப்பா வாசிச்சாரு," என்றான் கூட்டத்தில் ஒருவன்.

"என் பிள்ளைக்குப் பேரையே மாத்தி வாசிச்சிட்டாரு!"

நெமேசியோ திரும்பி முறைத்தார். இத்தனை உதவி அவர் கேட்கவில்லை.

அதிகாரிக்கு விஷயம் புரிந்துவிட்டது. புரிந்ததை முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை. யோலாவைக் கூப்பிட்டுத் தாழ்ந்த குரலில் ஏதோ கேட்டார். யோலா தலையை ஆட்டினாள். அவர் பெருமூச்சு விட்டு, ஒப்பம் போட்ட தாளை மடித்து ஓரமாக வைத்துவிட்டு, தன் கோப்பிலிருந்து வேறொரு தாளை எடுத்தார்.

"ஒருத்தர் மிச்சமிருந்தா கொடி ஏத்த முடியாது மல்க்கு. தெரியுமில்ல?"

"தெரியும் ஐயா."

"வகுப்பு தொடரணும்னு எழுதணும். மறுபடி நிதி கேக்கணும். மேல என்னைத் திட்டுவாங்க."

"சாப்பிட்டுப் போங்க ஐயா," என்றார் நெமேசியோ. "கடுதாசியிலயே கூப்பிட்டாச்சு."

மை டப்பா வந்தது. நெமேசியோ கட்டைவிரலை அழுத்தி, தாளில் வைத்து எடுத்தார். நீலமாக, தடிமனாக விழுந்தது.

ஏற்றாத கொடியை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் இலாரியா அதை எடுத்துப் புல்தரையில் விரித்தாள். சுன்யோவையும் கறியையும் பாலாடைக்கட்டியையும் அதன்மேலேயே கொட்டி, அதிகாரியும் அன்செல்மோவும் ஊதுகுழல்காரர்களும் எல்லோருமாகச் சுற்றி உட்கார்ந்து தின்றார்கள். கறிக்கறை அந்தத் துணியைவிட்டுப் போகவேயில்லை.

அன்று முதல் சந்தையில் நெமேசியோவுக்குக் கைநாட்டு மல்க்கு என்றே பெயராகிவிட்டது. பதவி முடிந்து எத்தனையோ வருஷம் கழித்தும், அந்தப் பெயரைச் சொன்னால்தான் வெளியூர்க்காரர்களுக்கு ஆள் அடையாளம் தெரியும். ஊரில் காகிதம் வாசிக்கிற வேலை கசில்தாவுக்கு வந்து சேர்ந்தது. அவள் செருமமாட்டாள், பிரசங்கம் பண்ணமாட்டாள். விரலை வைத்து மெதுவாக வாசிப்பாள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற நெமேசியோவுக்கு, அவள் தடுமாறுகிற இடத்தில் உதடு துடிக்கும். ஆனால் வாயைத் திறக்கமாட்டார்.

அந்த விழா முடிந்து வந்த திங்கட்கிழமை மதியம் ஆடுகள் ஏரிப்பக்கம் இறங்கின. பெண்கள் தக்ளியும் கையுமாக வகுப்புக்கு வந்து உட்கார்ந்தார்கள். கடைசியாக, போன்சோவும் சாட்டையுமாக நெமேசியோ வாசலில் வந்து நின்றார். வாசல் உயரம் குறைவு, குனிந்துதான் நுழைய வேண்டியிருந்தது. பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். இலாரியாவால் பொத்தமுடியவில்லை.

"வாங்கண்ணே, வாங்க! முன் பெஞ்சுக்கு வாங்க! மந்தமான பிள்ளைகளுக்கு முன் பெஞ்சுதான்!"

அவர் யாரையும் பார்க்காமல் போய்க் கசில்தாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். பெஞ்சு சின்னது, முழங்கால் மேசையில் இடித்தது. யோலா சிரிப்பை அடக்கிக்கொண்டு முதல் பாடக் கேசட்டைப் போட்டாள். டிவியில் முதல் எழுத்து வந்து நின்றது. நெமேசியோ பென்சிலை எடுத்தார். பழக்கம் போகுமா, எழுத்து ஒரே வீச்சில், அச்சடித்த மாதிரி வரத் தொடங்கியது.

கசில்தா மேசைக்கடியில் அவர் முழங்காலை அழுத்தினாள்.

"மெதுவா," என்றாள், அவர் காதோரம். "ரொம்ப மெதுவாக் கத்துக்கோங்க."